பெர்க்லியும் க்ரோவ் சாலையும்: வீடு, துணை, உரிமை

மாற்றுத்திறனாளிகளுக்கான வீடு என்றதும் நம் பேச்சு பெரும்பாலும் சாய்தளத்தோடு நின்றுவிடுகிறது. வாசலில் ஒரு சரிவு, கழிவறையில் கைப்பிடி, கொஞ்சம் அகலமான கதவு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவரைக் காலையில் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்க ஆள் இல்லையென்றால் அந்தச் சாய்தளம் யாருக்குப் பயன்படும்? ஆள் இருந்தும், எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்குப் படுப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்தால் அந்த இடத்தை வீடு என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விகளை மாற்றுத்திறனாளிகளே எழுப்பி, தாங்களே விடையும் கட்டிக் காட்டிய இரண்டு முயற்சிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரில் 1972-இல் தொடங்கிய 'சென்டர் ஃபார் இண்டிபென்டன்ட் லிவிங்'. மற்றொன்று, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டு என்ற சிற்றூரில், க்ரோவ் சாலையில் 1976-இல் ஆள் குடியேறிய ஆறு வீடுகள். அங்கிருந்து வளர்ந்த டெர்பிஷயர் இயக்கத்தையும் அதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை, நோக்கமும் ஒன்றே. வழிகள் வேறு. அந்த வேற்றுமையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கிருந்து வெளியேறினார்கள்?

எட் ராபர்ட்ஸுக்கு 1953-இல், பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. இரவெல்லாம் இரும்பு நுரையீரல் என்ற பெரிய மூச்சுக் கருவிக்குள் படுக்க வேண்டும். உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. தாய் ஸோனா போராடி வாங்கிக் கொடுத்தார். கல்லூரிச் செலவுக்கு உதவி கேட்டபோது, இவர் வேலைக்குப் போகவே வாய்ப்பில்லை என்று மாநில மறுவாழ்வுத் துறை கைவிரித்தது. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. சுமார் 360 கிலோ எடையுள்ள அந்தக் கருவியை எந்த விடுதி அறையும் தாங்காது. வளாகத்துக்குள் இருந்த கவல் மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியானது. அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். அறுபதுகளின் முடிவுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆனார்கள். 'ரோலிங் குவாட்ஸ்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

அந்த மருத்துவமனை வாழ்க்கையில் ஒரு விஷயம் மற்ற மருத்துவமனைகளிலிருந்து மாறுபட்டது. தங்களுக்கு உதவும் ஆட்களை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள், வேலை சொல்லிக் கொடுத்தார்கள், சரிப்படாவிட்டால் நிறுத்தினார்கள். எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வாய்ச்சொல்லால் நடந்தது. அதிகாரிகள் இரண்டு மாணவர்களை வெளியேற்ற முயன்றபோது எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள்; முயற்சி கைவிடப்பட்டது. பிற்காலப் போராட்டங்களுக்கெல்லாம் பயிற்சிக் களம் அதுதான்.

இங்கிலாந்தில் தொடக்கம் இன்னும் கசப்பானது. போரில் விமானம் ஓட்டிய லெனார்ட் செஷயர் 1948-இல் ஹாம்ப்ஷயரில் 'லெ கோர்ட்' என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். நல்லெண்ணத்தில் பிறந்த இடம்தான். ஆனாலும் எத்தனை மணிக்குப் படுப்பது, மது அருந்தலாமா, ஆணும் பெண்ணும் பழகலாமா என்பதற்கெல்லாம் குடியிருந்தோர் நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பால் ஹன்ட். 1972 செப்டம்பரில் அவர் 'கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிறுவனங்களில் அடைபட்டவர்களுக்கு வெளியே வாழ வழிகேட்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கலாம் வாருங்கள் என்ற அழைப்பு அது. அதிலிருந்து பிறந்ததுதான் 'யுபியாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சங்கம். கென் டேவிஸ், மேகி டேவிஸ் இருவரும் அதில் சேர்ந்தார்கள். இருவருமே தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள். சேர்ந்து வாழ விரும்பினார்கள். அதற்கு ஏற்ற வீடு ஊரில் எங்குமே இல்லை.

ஆக, பெர்க்லிக்காரர்கள் மருத்துவமனைக்குள்ளேயே கொஞ்சம் சுதந்திரத்தைச் சுவைத்துவிட்டு, அதை ஊருக்குள் கொண்டுபோக நினைத்தவர்கள். ஆங்கிலேயர்கள் அடைப்பிலிருந்து தப்பிக்க நினைத்தவர்கள். இந்த வேறுபாடு அடுத்தடுத்து அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது.

ஊரைத் திருத்துவதா, வீட்டைக் கட்டுவதா?

பெர்க்லி மையம் தனக்கென்று குடியிருப்பு எதுவும் கட்டவில்லை. 1972-இல் ஒரு வாடகைக் குடியிருப்பில் தொடங்கிய அதன் அலுவலகம், சில ஆண்டுகளில் நகரின் முக்கியக் கடைவீதியான டெலிகிராஃப் அவென்யூவுக்குப் போனது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். மாணவராக இருக்க வேண்டியதில்லை. உதவியாளர் வேலைக்கு வருவோரின் பெயர்ப்பட்டியல் அங்கே இருக்கும். சக்கர நாற்காலி ஏறக்கூடிய வீடு எங்கே காலியாக இருக்கிறது என்று சொல்வார்கள். அரசு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஏற்கெனவே விண்ணப்பித்து வாங்கிய ஒருவரே பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவார். சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறையும் இருந்தது. மோட்டார் நின்றுபோனால் அந்த நபர் இருந்த இடத்திலேயே சிறைப்பட்டுவிடுவார் என்பதை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அறிந்திருந்ததால்தான் பட்டறைக்கு அவ்வளவு முதலிடம். நடைபாதை முனைகளைச் சரிவாக வெட்டச் சொல்லி நகராட்சியையும் நெருக்கினார்கள். வீட்டிலிருந்து கடைக்குப் போக முடியாவிட்டால் வீடு இருந்தும் பயனில்லை என்பது அவர்கள் கணக்கு.

கென், மேகி இருவரும் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். அவர்கள் முதலில் வரைந்தது ஒரு கட்டட வரைபடம். வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் துணையோடு க்ரோவ் சாலையில் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. தரைத்தளத்தில் மூன்று வீடுகள், மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கு. மேல்தளத்தில் மூன்று வீடுகள், மாற்றுத்திறன் இல்லாத குடும்பங்களுக்கு. மேலே குடிவருபவர்கள் கீழே உள்ளவர்களுக்குத் தேவைப்படும்போது கைகொடுப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். காவலாளியோ மேற்பார்வையாளரோ கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஊரில் உள்ள இன்னொரு குடியிருப்பு, அவ்வளவே. குடியேறப் போகிறவர்களே திட்டத்தை வரைந்து, பேசி, பணத்துக்கு வழி செய்து நிறைவேற்றியதுதான் இதன் தனிச்சிறப்பு. பிரிட்டனில் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள் நிறுவனத்துக்கு வெளியே, தங்கள் திட்டப்படி வாழலாம் என்பதற்கு அந்த ஆறு வீடுகள் கண்கண்ட சான்றாயின.

குறைகளும் அந்தந்த வழியிலேயே இருந்தன. பெர்க்லி முறையில் உதவியாளருக்குச் சம்பளம் உண்டு, உறவு தெளிவானது. ஆனால் அது வீட்டுச் சந்தையை நம்பி நின்றது. வாடகை ஏற ஏற, பட்டியலில் காட்ட வீடு இல்லாமல் போயிற்று. க்ரோவ் சாலையில் வீடு உறுதி. ஆனால் துணை அக்கம்பக்கத்து நல்லுறவைச் சார்ந்தது. மேல்மாடிக் குடும்பம் வீடு மாறினால் வருபவர் எப்படியோ? ஒவ்வொரு நாளும் யாரிடமாவது உதவி கேட்டே வாழும் மனச்சுமை வேறு. நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களில் படுக்கையில் கிடப்பவர்கள் சொல்லாமல் விழுங்கும் சுமையும் இதேதான்.

கென் டேவிஸும் தோழர்களும் இதை நேர்மையாக எடைபோட்டார்கள். 1981-இல் டெர்பிஷயர் மாற்றுத்திறனாளர் கூட்டமைப்பும், 1985-இல் டெர்பிஷயர் ஒருங்கிணைந்த வாழ்வு மையமும் தோன்றியபோது, அவர்கள் கையில் ஏழு தேவைகளின் வரிசை ஒன்று இருந்தது: தகவல், சக மாற்றுத்திறனாளியின் ஆலோசனை, வீடு, கருவிகள், தனி உதவியாளர், போக்குவரத்து, தடையற்ற சூழல். வீடு மூன்றாவது இடத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இப்படியும் வாழலாம் என்ற தகவல் முதலில் வேண்டும். அப்படி வாழ்ந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். அதன்பிறகே எந்த வீடு வேண்டும் என்று ஒருவரால் கேட்க முடியும். வீடு கட்டித் தொடங்கியவர்களே வந்து சேர்ந்த முடிவு என்பதால் இதற்கு எடை அதிகம். தகவல், ஆலோசனை, உதவியாளர் பட்டியல் என்று தொடங்கிய பெர்க்லி மையத்தின் அன்றாட வேலையை வைத்துப் பார்த்தால், இரண்டு பாதைகளும் இங்கே சந்திக்கின்றன.

குரல் எழுப்பிய விதம்

அமெரிக்கர்களுக்குக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் கண்முன் நடந்த பாடம். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் பணம் பெறும் எந்த இடத்திலும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது என்றது. விதிமுறைகளில் கையெழுத்திடாமல் அரசு நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டாட்சி அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கினார்கள். வழிநடத்தியவர்களில் ஜூடி ஹியூமன் முக்கியமானவர். மூச்சுக் கருவி தேவைப்பட்டவர்களும், இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டியவர்களும் அந்தத் தரையில் படுத்திருந்தார்கள். பிளாக் பேந்தர் கட்சியினர் சூடான உணவு சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ கையெழுத்திட்டார். வேலைக்கு ஆகாதவர் என்று எட் ராபர்ட்ஸை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு 1975-இலேயே அவர் இயக்குநராகிவிட்டிருந்தார்.

பிரிட்டனில் முதல் ஆயுதம் சிந்தனை. படிகள் இருப்பதால்தான் நாற்காலியில் உள்ளவர் முடங்குகிறார். முடக்குவது சமூகம் என்ற வாதத்தை யுபியாஸ் 1976-இல் வெளியிட்ட 'ஃபண்டமென்டல் பிரின்சிபிள்ஸ் ஆஃப் டிஸபிலிட்டி' என்ற சிறுநூல் கூர்மையாக முன்வைத்தது. மைக் ஆலிவர் பின்னர் அதற்கு 'சமூக மாதிரி' என்று பெயர் தந்தார். அந்தச் சிந்தனை இன்று உலகெங்கும் சட்டங்களின் அடித்தளமாக இருக்கிறது. இரண்டாவது ஆயுதம் உள்ளாட்சியோடு பேரம். லெ கோர்ட்டில் இருந்த ஜான் எவன்ஸும் நண்பர்களும் 'ப்ராஜெக்ட் 81' என்ற திட்டத்தின் வழியே உள்ளூர் நிர்வாகங்களிடம் கேட்டது எளிமையானது: எங்களை இல்லத்தில் வைத்திருக்க நீங்கள் கொடுக்கும் பணத்தை எங்களிடமே கொடுங்கள், நாங்களே ஆள் வைத்துக்கொண்டு வெளியே வாழ்கிறோம். நிர்வாகங்கள் ஒவ்வொன்றாக இணங்கின.

சட்டம் எதுவரை எட்டியது?

கட்டட விதியில் பிரிட்டன் ஒரு படி முன்னே நிற்கிறது. கட்டட ஒழுங்குமுறையின் 'பார்ட் எம்' பகுதி 1999 முதல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீடுகளுக்கும் விரிந்தது. நுழைவாயிலில் தடையற்ற பாதை, அகலமான கதவு, நுழைவுத் தளத்திலேயே கழிவறை ஆகியவை அதன் அடிப்படை. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு நியாயமான வீட்டுவசதிச் சட்டத் திருத்தம், 1991 மார்ச்சுக்குப் பிறகு குடியேற்றத்துக்கு வரும், நான்கோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட கட்டடங்களுக்கு மட்டுமே வடிவமைப்பு விதிகளைப் போட்டது. தனி வீடுகள் வெளியே நின்றன. அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் தொடங்கிய இயக்கம், எல்லாத் தனி வீடுகளிலும் படியில்லாத ஒரு வாசலாவது வேண்டும் என்று ஊர் ஊராக இன்னும் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

உரிமையில் அமெரிக்கா முன்னே நிற்கிறது. அதே 1988 திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளி என்பதால் வாடகைக்கு வீடில்லை என்று சொல்வது சட்டவிரோதம். குடியிருப்பவர் தம் செலவில் செய்யும் நியாயமான மாற்றங்களை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. 1990-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டம் வந்தது. 1999-இல் லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரண்டு பெண்கள் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராக நடத்திய ஓம்ஸ்டெட் வழக்கில், ஊருக்குள் வாழக்கூடியவரைக் காரணமின்றி நிறுவனத்தில் வைத்திருப்பதே பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் சட்டத்தில் இதற்கு ஈடான உறுதி இன்றுவரை இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இரு நாடுகளின் வீடுகளை எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கெடுப்பின்படி, அணுகலுக்கான நான்கு அடிப்படை வசதிகளும் உள்ள வீடுகள் 9 விழுக்காடுதான். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சக்கர நாற்காலியில் உள்ளவர் முழுமையாகப் புழங்கக்கூடிய வீடுகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. புதிய கட்டடங்களுக்கு மட்டும் விதி போட்டால், பழைய வீடுகள் நிறைந்த நாட்டில் மாற்றம் நத்தை வேகத்தில்தான் நகரும்.

பணம் எந்தப் பக்கம் பாய்ந்தது?

அமெரிக்காவின் பெரிய முரண் மெடிக்கெய்ட் என்ற மருத்துவ நிதித் திட்டத்தில் இருக்கிறது. பராமரிப்பு இல்லத்துக்கான செலவை மாநிலங்கள் கட்டாயம் ஏற்க வேண்டும். வீட்டிலேயே தரும் நீண்டகால உதவியில் பெரும்பகுதி மாநிலங்களின் விருப்பம். எனவே இல்லத்தில் படுக்கை உடனே கிடைக்கும், வீட்டு உதவிக்குப் பல மாநிலங்களில் வரிசையில் நிற்க வேண்டும். ஓம்ஸ்டெட் தீர்ப்பு உரிமையைச் சொன்னது. பணத்தின் போக்கை அது முழுதாகத் திருப்பவில்லை. இதற்கு நடுவே பெர்க்லி நகர மக்கள் 1998-இல் செய்த ஒன்று போற்றத்தக்கது. உதவியாளர் திடீரென வராமல் போனாலோ நாற்காலி பழுதானாலோ அவசர உதவி அனுப்பும் சேவைக்காகத் தங்கள்மீதே ஒரு வரியை வாக்களித்து விதித்துக்கொண்டார்கள்.

பிரிட்டனில் பணத்துக்கான வழிகள் கூடுதலாகவே திறந்தன. வீட்டைத் திருத்தியமைக்க உள்ளாட்சி வழங்கும் மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுண்டு வரை உண்டு. 1988-இல் தனித்து வாழ்வதற்கான நிதியம் தொடங்கியது. 1996-இல் நேரடிப் பணம் வழங்கும் சட்டம் வந்தது. லெ கோர்ட்டில் வைத்த கோரிக்கை நாட்டுச் சட்டமாயிற்று. ஆனால் 2015 ஜூன் 30 அன்று அந்த நிதியம் மூடப்பட்டது. ஏறத்தாழ 18,000 பேர் அதை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மூடும் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் ஒருமுறை ரத்து செய்தது, முடிவெடுத்த முறை சரியில்லை என்ற காரணத்தால். அரசு முறையைச் சரிசெய்துகொண்டு அதே முடிவை மீண்டும் எடுத்தது. பணம் இருந்தது, அதைக் காக்கும் உரிமை இல்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு தன் வீட்டில் வாழ்ந்தவர், இனி இரவில் துணைக்கு ஆள் வருவாரா என்று அஞ்சும் நிலை அதனால் வந்தது.

ஒப்பீடு சொல்வது

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: பெர்க்லி வழியில் உரிமை வலுத்தது, பணம் பின்தங்கியது. க்ரோவ் சாலை வழியில் கட்டடமும் பணமும் வந்தன, உரிமை உறுதிப்படவில்லை. உரிமையில்லாத பணத்தை அடுத்த ஆட்சி எடுத்துவிடும். பணமில்லாத உரிமை தீர்ப்பு நகலாகப் பெட்டியில் கிடக்கும். இரண்டிலும் வெற்றியான பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால், அங்கெல்லாம் முடிவெடுத்தவர்கள் அந்த வீட்டில் வாழப் போகிறவர்களே. கவலில் உதவியாளரைத் தேர்ந்தெடுத்தது, பட்டறைக்கு முதலிடம் தந்தது, க்ரோவ் சாலையின் வரைபடம், ஏழு தேவைகளின் வரிசை எல்லாமே அப்படிப் பிறந்தவை.

நமக்கும் இதில் நேரடிப் பாடம் உண்டு. சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவை இந்தியா 2007-இலேயே ஏற்றது. பிரிட்டன் 2009-இல் ஏற்றது. அமெரிக்க செனட் இன்னும் ஏற்கவில்லை. நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளியை எந்தக் குறிப்பிட்ட இடத்திலும் வாழக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. தனி உதவியாளர் உள்ளிட்ட சமூக ஆதரவுச் சேவைகளையும் பேசுகிறது. 37-ஆம் பிரிவு அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காட்டைக் கேட்கிறது. எழுத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். நடைமுறையில் வீட்டையும் துணையையும் வேறு வேறு துறைகளிடம் விட்டிருக்கிறோம். வீட்டுவசதி வாரியம் ஒதுக்கும் வீடு தரைத்தளத்தில் அமைந்தாலும், காலையில் எழுப்பிவிடும் கை பெரும்பாலும் வயதான தாயுடையதுதான். அந்தத் தாய்க்குப் பின் என்ன என்ற கேள்வி எத்தனையோ வீடுகளில் ஒவ்வோர் இரவும் எழுகிறது. அதற்குப் பதில் இன்னொரு காப்பகமாக இருக்கக் கூடாது.

2025 ஏப்ரலில், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. பெர்க்லியும் டெர்பிஷயரும் பல ஆண்டு போராடி வென்ற இடம் அது: முடிவெடுக்கும் மேசையில் ஓர் இருக்கை. அந்த இருக்கையில் அமர்பவர்கள் மூன்றை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். தங்கள் ஊரில் கட்டப்படும் அரசுக் குடியிருப்பு ஒவ்வொன்றின் வரைபடமும் அடித்தளம் போடுமுன் மாற்றுத்திறனாளிகள் பார்வைக்கு வர வேண்டும். அந்த வீட்டோடு சேர்த்தே உதவியாளருக்கான தொகை, குடியிருப்பவர் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். பழைய வீடுகளைத் திருத்தத் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். தேவையானதை ஒருசேரப் பெறாமல் துண்டு துண்டாக வாங்கிக்கொண்ட நாடுகளின் கதையைத்தான் இதுவரை பார்த்தோம். அவர்கள் ஐம்பது ஆண்டுகளில் கற்றதை நாம் முதல் நாளிலேயே கையில் எடுத்துக்கொள்ளலாம்.